எலும்பு குறைந்த தாடையில் குட்டையான பல் இம்ப்ளான்ட்: எந்த அளவுக்கு நம்பலாம்?

கடைவாய்ப் பல்லை இழந்து பல ஆண்டுகள் கழிந்த பின் இம்ப்ளான்ட் பொருத்திக்கொள்ளச் செல்வோரில் பலருக்குக் கிடைக்கும் முதல் பதில், "தாடையில் எலும்பு போதாது" என்பதே. அதன்பின் அவர்கள் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, அறுவை சிகிச்சை மூலம் எலும்பை வளர்த்து, சில மாதங்கள் காத்திருந்து, வழக்கமான நீளமுள்ள இம்ப்ளான்ட்டைப் பொருத்துவது. மற்றொன்று, இருக்கும் எலும்புக்குள்ளேயே அடங்கிவிடும் குட்டையான இம்ப்ளான்ட்டை நேரடியாகப் பொருத்துவது.

இரண்டாவது வழியில் செலவு குறைவு, வலி குறைவு, காத்திருக்கும் நாளும் குறைவு. ஆயினும், 6 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு டைட்டானியத் திருகு, வாயிலேயே அதிக விசை விழும் கடைவாய்ப் பகுதியில் எத்தனை ஆண்டுகள் நிலைத்து நிற்கும் என்ற ஐயம் நோயாளிக்கு எழுவது இயல்பு. மருத்துவர்களிடையேயும் அந்த ஐயம் நெடுங்காலம் இருந்தது.

கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகள் இந்தக் கேள்விக்குப் பெருமளவு விடை அளித்துள்ளன. முதல் ஐந்து ஆண்டுகளைப் பொறுத்தவரை, தகுந்த நோயாளிகளிடம் குட்டை இம்ப்ளான்ட்டுகள் நீண்டவற்றுக்கு மிக நெருக்கமான அளவில் நிலைத்துள்ளன. எனினும் இரண்டும் ஒன்றே என்று அந்த ஆய்வுகள் நிறுவவில்லை. அந்தச் சிறிய இடைவெளியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொண்டால்தான் நோயாளியால் முடிவெடுக்க இயலும்.

எலும்பு ஏன் தேய்கிறது?

பல்லைத் தாங்கும் தாடை எலும்பு, பல் இருக்கும்வரை மட்டுமே தன் உருவத்தைக் காத்துக்கொள்கிறது. பல் பிடுங்கப்பட்டதும் அது தேயத் தொடங்கும். பிடுங்கிய ஓராண்டுக்குள் எலும்பு மேட்டின் அகலம் ஏறத்தாழ பாதியாகக் குறைவதையும், அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுவதையும் 2003-ஆம் ஆண்டு வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று பதிவு செய்தது. ஆரம்பத்தில் உயரத்தைவிட அகலமே வேகமாகக் குறைகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் பல் செட் அணிந்தவர்களிடமும், ஈறு நோயால் பற்களை இழந்தவர்களிடமும் உயரமும் கணிசமாகத் தேய்ந்திருக்கும்.

மேல்தாடையில் மற்றொரு சிக்கலும் உண்டு. கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலே மேக்சிலரி சைனஸ் என்னும் காற்றறை அமைந்துள்ளது. பற்கள் போனபின் இந்த அறை கீழ்நோக்கி விரிவடையும். ஈற்றுப் பக்கத்திலிருந்து எலும்பு தேய, மேலிருந்து காற்றறை இறங்க, இடையே மிஞ்சுவது சிலருக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் உயரம் மட்டுமே.

கீழ்த்தாடையில் தடையாக நிற்பது நரம்பு. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு, எலும்பின் உள்ளே ஒரு குழாய் வழியாக ஓடுகிறது. இம்ப்ளான்ட்டின் நுனிக்கும் அந்தக் குழாய்க்கும் இடையே குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது மருத்துவ வழக்கம். நரம்புக்கு மேலே 8 மில்லிமீட்டர் எலும்பு உள்ள ஒருவருக்கு, பாதுகாப்பாகப் பொருத்தக்கூடிய நீளம் 6 மில்லிமீட்டர்தான்.

குட்டை என்றால் எவ்வளவு?

இந்தச் சொல்லின் பொருள் காலத்துக்குக் காலம் மாறியுள்ளது. முன்பு 10 மில்லிமீட்டருக்குக் குறைந்த எதையும் குட்டை என்றே அழைத்தனர். பின்னர் அந்த எல்லை 8 மில்லிமீட்டருக்கு இறங்கியது. இம்ப்ளான்ட் மருத்துவத்துக்கான சர்வதேசக் குழுவான ஐ.டி.ஐ., 2018-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடத்திய கருத்தொருமைப்பு மாநாட்டில், 6 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவானதும் குட்டை என்ற அளவுகோலைக் கைக்கொண்டது. 4 மில்லிமீட்டர் நீளமுள்ளவையும் சந்தையில் உள்ளன.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. "குட்டை இம்ப்ளான்ட் 98 சதவீதம் வெற்றி" என்ற விளம்பரத்துக்கு அடிப்படையான ஆய்வு 8 மில்லிமீட்டர் நீளமுள்ளவற்றைப் பற்றியதாக இருக்கலாம்; நோயாளிக்குப் பொருத்தப்படுவதோ 5 மில்லிமீட்டராக இருக்கலாம். 8 மில்லிமீட்டர் இன்று ஏறத்தாழ வழக்கமான அளவாகவே கருதப்படுகிறது. ஐயத்துக்கு இடமளிப்பது 6-ம் அதற்குக் கீழும்தான்.

பழைய அச்சத்தின் வேர்

டைட்டானியம் எலும்போடு நேரடியாக இணையும் என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950-களில் முயல்களில் நடத்திய ஆய்வின்போது கண்டறிந்தார். 1965-ஆம் ஆண்டு கோத்தன்பர்க் நகரில் முதல் நோயாளிக்கு டைட்டானியப் பல் வேர்கள் பொருத்தப்பட்டன. 1982-ஆம் ஆண்டு டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பின் இந்த முறை உலகெங்கும் பரவியது.

அக்காலத்து இம்ப்ளான்ட்டுகள் கடைசல் இயந்திரத்தில் திருகி எடுக்கப்பட்ட வழவழப்பான மேற்பரப்பைக் கொண்டவை. எலும்பு அவற்றைப் பற்றிக்கொள்ள நீளம் தேவைப்பட்டது. ஸ்வீடனில் பொருத்தப்பட்ட 4,641 இம்ப்ளான்ட்டுகளை ஆராய்ந்து 1991-இல் வெளியான அறிக்கையில், மொத்தத் தொடக்ககாலத் தோல்வி 1.5 சதவீதம் மட்டுமே. ஆயினும் தேய்ந்துபோன மேல்தாடையில் பொருத்தப்பட்ட 7 மில்லிமீட்டர் இம்ப்ளான்ட்டுகள் அந்தச் சராசரியைவிடத் தெளிவாக அதிகம் தோற்றன. "நீளமானதே நிலைக்கும்" என்ற விதி மருத்துவர்களின் மனத்தில் பதிந்ததற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

பின்னர் மேற்பரப்பு மாறியது. மணல் துகள்களை வீசியும் அமிலத்தில் அரித்தும் சொரசொரப்பாக்கப்பட்ட டைட்டானியம் 1990-களின் பிற்பகுதியில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்த இந்தப் பரப்பில் எலும்புச் செல்கள் விரைவாகவும் அடர்த்தியாகவும் ஒட்டுகின்றன. குறைந்த நீளத்திலேயே போதுமான பிடிப்பு கிடைத்தது. குட்டை இம்ப்ளான்ட் மீண்டும் கவனம் பெற்றதற்கு இதுவே முதன்மைக் காரணம். 1990-க்கு முந்தைய தோல்வி விகிதங்களை இன்றைய கருவிகளுக்குப் பொருத்திக் காட்டி நோயாளியை அச்சுறுத்துவது பொருந்தாது.

விசை எங்கே விழுகிறது?

தரையில் நட்ட கம்பத்தைப் போல, எவ்வளவு ஆழமோ அவ்வளவு உறுதி என்று எண்ணத் தோன்றும். எலும்போடு முழுமையாக இணைந்துவிட்ட இம்ப்ளான்ட்டில் நிலைமை வேறு. மெல்லும்போது எழும் அழுத்தத்தின் பெரும்பகுதி, எலும்பின் மேல்விளிம்பை ஒட்டிய முதல் சில மரைகளிலேயே குவிகிறது என்பதைக் கணினி வழிப் பொறியியல் கணிப்புகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. ஆழத்தில் உள்ள மரைகளுக்குச் சென்றுசேரும் பங்கு சிறிது. எனவே நீளத்தைக் கூட்டுவதைவிட விட்டத்தைக் கூட்டுவது மேல்விளிம்பின் சுமையைக் கூடுதலாகக் குறைக்கிறது.

எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். மரைகளைக் கருதாமல் வெறும் உருளையாகக் கொண்டால், 4 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் நீளமும் உள்ள இம்ப்ளான்ட்டின் பக்கப் பரப்பு ஏறத்தாழ 75 சதுர மில்லிமீட்டர். விட்டத்தை 5 மில்லிமீட்டராக்கினால் அது 94 ஆகிறது. 12 மில்லிமீட்டர் நீளமும் 4 மில்லிமீட்டர் விட்டமும் உள்ளதற்கு அது 151. அகலம் இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்கிறதே தவிர முழுவதையும் அன்று. அதற்கும் எலும்பு அகலமாக இருக்க வேண்டும். உயரமும் குறைந்து அகலமும் குறைந்த தாடையில் குட்டை இம்ப்ளான்ட் நல்ல தேர்வாக அமையாது.

எலும்பு தேய்ந்த இடத்தில் ஈறும் கீழிறங்கியிருப்பதால், மேலே பொருத்தும் செயற்கைப் பல் உயரமாக அமையும். 6 மில்லிமீட்டர் வேரின் மேல் 12 மில்லிமீட்டர் கிரவுன் நிற்பது வழக்கத்துக்கு மாறானதன்று. இயற்கைப் பல்லில் இப்படி அமைந்தால் அது விரைவில் ஆடத் தொடங்கும் என்பதால், இம்ப்ளான்ட்டுக்கும் அதே விதி பொருந்தும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கிரவுனுக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் உள்ள நீள விகிதம் 0.86 முதல் 2.14 வரை இருந்த ஒற்றைப் பற்களை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, அந்த எல்லைக்குள் எலும்பு இழப்போ கருவிக் கோளாறோ குறிப்பிடத்தக்க அளவில் மிகவில்லை என்று தெரிவித்தது. அதற்கு மேற்பட்ட விகிதங்களுக்கு இந்த உறுதியை நீட்டிக்க இயலாது.

எண்கள் கூறுவது என்ன?

இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, பானோஸ் பாப்பாஸ்பிரிடாகோஸ் தலைமையிலான குழு 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தப்பட்ட 10 ஆய்வுகளை அது ஒன்றுசேர்த்தது. ஒருபுறம் 392 நோயாளிகளிடம் பொருத்தப்பட்ட 6 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவும் உள்ள 637 இம்ப்ளான்ட்டுகள். மறுபுறம் 383 நோயாளிகளிடம் பொருத்தப்பட்ட 653 நீண்ட இம்ப்ளான்ட்டுகள். எல்லாம் கடைவாய்ப் பகுதியைச் சேர்ந்தவை. கண்காணிப்புக் காலம் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை.

குட்டையானவற்றில் வாயில் நிலைத்தவை, ஆய்வுக்கு ஆய்வு, 86.7 சதவீதம் முதல் 100 சதவீதம் வரை இருந்தன. நீண்டவற்றில் அது 95 முதல் 100 வரை. சராசரி முறையே 96-ம் 98-ம். இரண்டு சதவீத வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை என்று ஆய்வாளர்கள் முடிவு கூறினர்.

இம்முடிவைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். தோல்வி அபாயம் குட்டையானவற்றில் 1.29 மடங்கு என்று கணக்கிடப்பட்டது; ஆனால் அந்த மதிப்பீட்டின் நம்பக எல்லை 0.67 முதல் 2.50 வரை விரிந்திருந்தது. அதாவது, உண்மையான அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவும் இருக்கலாம், இரண்டரை மடங்காகவும் இருக்கலாம். கையிலுள்ள சான்றுகளைக் கொண்டு இதற்கு மேல் துல்லியமாகக் கூற இயலாது. "வேறுபாடு நிறுவப்படவில்லை" என்பதும் "வேறுபாடு இல்லை" என்பதும் ஒன்றல்ல. விளம்பரத் துண்டறிக்கைகள் முதலாவதை இரண்டாவதாக மாற்றி அச்சிடுவது இத்துறையில் மட்டும் நடப்பதன்று.

சராசரியைவிட வீச்சே கூர்ந்து நோக்கத்தக்கது. நீண்ட இம்ப்ளான்ட்டுகள் எந்த ஆய்விலும் 95-க்குக் கீழே இறங்கவில்லை. குட்டையானவை ஓர் ஆய்வில் நூற்றுக்கு நூறும் மற்றோர் ஆய்வில் 86.7-ம் பெற்றன. ஐ.டி.ஐ. மாநாட்டின் கருத்தொருமைப்பும் இதையே சுட்டியது: குட்டை இம்ப்ளான்ட்டின் விளைவில் ஏற்ற இறக்கம் மிகுதி, முன்கணிக்கும் தன்மை குறைவு. பொருத்துபவரின் கைத்திறன், எலும்பின் அடர்த்தி, நோயாளியின் பழக்கம் ஆகியவற்றில் நேரும் சிறு பிசகைத் தாங்கிக்கொள்ளும் இடம் இதில் குறைவு என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இந்தச் சதவீதங்கள் இம்ப்ளான்ட்டுகளைப் பற்றியவை, நோயாளிகளைப் பற்றியவை அல்ல. ஒவ்வொன்றும் நிலைக்கும் வாய்ப்பு 96 சதவீதம் எனக் கொண்டு, மூன்று குட்டை இம்ப்ளான்ட்டுகள் பொருத்திக்கொண்டால், மூன்றும் நிலைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 88 சதவீதமாகிறது. எட்டு அல்லது ஒன்பது நோயாளிகளில் ஒருவர் ஏதேனும் ஒன்றை இழக்க நேரிடலாம். ஒருவருக்குத் தேவைப்படும் எண்ணிக்கையைச் சொல்லாமல் வெற்றி விகிதத்தை மட்டும் கூறுவது முழுத் தகவல் ஆகாது.

மேல்தாடை: நேருக்கு நேர் ஓர் ஒப்பீடு

மேல்தாடையில் மாற்று வழியாக உள்ளது சைனஸ் லிஃப்ட் எனப்படும் அறுவை. காற்றறையின் அடித்தளச் சவ்வை மெல்ல மேலே தூக்கி, அடியில் உருவாகும் இடத்தில் எலும்புத் துகள்களை நிரப்புவர். 1980-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட இம்முறை இன்று நன்கு நிலைபெற்றது. கைதேர்ந்தவர்களிடம் வெற்றி விகிதமும் உயர்ந்ததே. சவ்வு கிழிதல், சைனஸ் தொற்று, வீக்கம், மாதக்கணக்கான காத்திருப்பு ஆகியவை அதன் விலை.

ஜூரிக் பல்கலைக்கழகத்தின் டேனியல் தோமா உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல மையங்களில் நடத்திய ஆய்வு இரு வழிகளையும் நேரடியாக ஒப்பிட்டது. எலும்பு உயரம் 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை மட்டுமே இருந்த 101 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு 6 மில்லிமீட்டர் இம்ப்ளான்ட் நேரடியாகவும், மறு பிரிவினருக்கு சைனஸ் லிஃப்ட்டுடன் 11 முதல் 15 மில்லிமீட்டர் வரையிலான இம்ப்ளான்ட்டும் பொருத்தப்பட்டன. மொத்தம் 137 இம்ப்ளான்ட்டுகள்.

அறுவைக்கு எடுத்த சராசரி நேரம் குட்டைப் பிரிவில் 52.6 நிமிடம், மறு பிரிவில் 74.6 நிமிடம். செலவு முறையே 941 யூரோ, 1,946 யூரோ. அதாவது இரு மடங்குக்கும் சற்று அதிகம். ஐந்து ஆண்டு முடிவில் 90 நோயாளிகள் மீண்டும் பரிசோதிக்கப்பட்டபோது, குட்டையானவற்றில் 98.5 சதவீதமும் நீண்டவற்றில் 100 சதவீதமும் நிலைத்திருந்தன.

பாதிச் செலவில், ஏறத்தாழ அதே பலன். இந்த வகை நோயாளிக்கு, அதாவது 5 முதல் 7 மில்லிமீட்டர் எலும்பு மிஞ்சியவருக்கு, குட்டை இம்ப்ளான்ட்டை முதலில் பரிசீலிப்பது நியாயமான அணுகுமுறை என்றே இந்தத் தரவுகள் காட்டுகின்றன. உயரம் 4 மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கினால் இந்த ஆய்வைத் துணைக்கு அழைக்க முடியாது.

மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட திறனாய்வு இன்னும் எச்சரிக்கையாகப் பேசியது. 5 முதல் 8.5 மில்லிமீட்டர் வரையிலான இம்ப்ளான்ட்டுகளை சைனஸ் லிஃப்ட்டுடன் ஒப்பிட்ட நான்கு ஆய்வுகளில் மொத்தம் 102 பேர் மட்டுமே பங்கேற்றிருந்தனர். எது மேல் என்று கூறப் போதிய சான்று இல்லை. ஆனால் சைனஸ் லிஃப்ட் செய்த இடங்களில் சிக்கல்கள் அதிகம் என்பது அதன் முடிவு.

கீழ்த்தாடை: நரம்பே நீதிபதி

கீழ்த்தாடைக் கடைவாயில் எலும்பை மேல்நோக்கி உயர்த்துவது இன்னும் கடினமானது. ரத்த ஓட்டம் குறைந்த அடர்த்தியான எலும்பு. மேலே மூடும் ஈறு மெல்லியது. தையல் பிரிந்தால் ஒட்டு எலும்பு வெளியே தெரிந்து தொற்றுக்கு உள்ளாகும். உதட்டு மரத்துப்போதல் என்னும் அபாயம் வேறு.

இத்தாலியில் பியெட்ரோ ஃபெலிச்சே, மார்கோ எஸ்போசிட்டோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வில், நரம்புக்கு மேலே 7 முதல் 8 மில்லிமீட்டர் எலும்பு மட்டுமே இருந்த 60 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு 6.6 மில்லிமீட்டர் இம்ப்ளான்ட். மறு பிரிவுக்கு மாட்டெலும்பிலிருந்து தயாரிக்கப்பட்ட கட்டியை இடையே வைத்துத் தாடையை உயர்த்தி, குறைந்தது 9.6 மில்லிமீட்டர் இம்ப்ளான்ட். ஐந்தாண்டுக் கண்காணிப்பில், எலும்பு உயர்த்தப்பட்டவர்களிடமே சிக்கல்கள் தெளிவாக அதிகம். குட்டையானவற்றைச் சுற்றி எலும்பு இழப்பும் குறைவு. கீழ்த்தாடையைப் பொறுத்தவரை குட்டை இம்ப்ளான்ட்டுக்குச் சாதகமான வாதம், மேல்தாடையைவிட வலுவானது.

மாட்டெலும்பு என்ற குறிப்பு இந்திய நோயாளிகளுக்குத் தனி முக்கியத்துவம் உடையது. எலும்பு ஒட்டுக்குப் பயன்படும் பொருள்களில் மாடு, பன்றி ஆகிய விலங்குகளிலிருந்தும், இறந்த மனிதரின் கொடையிலிருந்தும் பெறப்படுபவை உண்டு. செயற்கையாகத் தயாரிக்கப்படுபவையும், நோயாளியின் சொந்த எலும்பும் மாற்றாக உள்ளன. மத அடிப்படையிலோ உணவுக் கொள்கை அடிப்படையிலோ ஆட்சேபம் உடையவர் ஒப்புதல் கையெழுத்திடும் முன் இதனைக் கேட்டறிய உரிமை உள்ளவர். ஒட்டு தேவைப்படாத குட்டை இம்ப்ளான்ட்டில் இந்தக் கேள்வியே எழுவதில்லை.

பத்தாண்டுக்குப் பின்?

இந்தக் கட்டுரையில் இதுவரை கூறப்பட்ட முடிவுகளுள் ஐந்தாண்டைத் தாண்டியது எதுவும் இல்லை. இம்ப்ளான்ட் பொருத்திக்கொள்ளும் 50 வயது நோயாளி அதை இருபது, முப்பது ஆண்டுகள் எதிர்பார்க்கிறார். ஆண்டுகள் கூடக்கூட ஒரு கணக்கு குட்டையானவற்றுக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

எந்த இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் எலும்பு சிறிது இறங்கும். முதலாண்டில் 1.5 மில்லிமீட்டரும், அதன்பின் ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டரும் வரை இறங்கினால் ஏற்கத்தக்கது என்பது 1980-களில் உருவான அளவுகோல். பத்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள இம்ப்ளான்ட்டுகள் வழக்கமாக இருந்த காலத்தில் எழுதப்பட்ட விதி அது. அதே விதிப்படி எலும்பை இழக்கும் 12 மில்லிமீட்டர் இம்ப்ளான்ட், பதினோராம் ஆண்டின் முடிவில் 3.5 மில்லிமீட்டர் ஆதரவை இழந்து 8.5-இல் நிற்கும். 6 மில்லிமீட்டர் இம்ப்ளான்ட்டோ பாதிக்கும் மேல் இழந்து 2.5-இல் நிற்கும்.

இன்றைய கருவிகளில் எலும்பு இழப்பு இந்த எல்லையைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவு என்பது ஆறுதல். ஆனால் இம்ப்ளான்ட்டைச் சுற்றிப் பாக்டீரியாத் தொற்றால் ஏற்படும் பெரி-இம்ப்ளான்டைட்டிஸ் என்னும் நோய் தொடங்கிவிட்டால், நீண்ட இம்ப்ளான்ட்டில் சிகிச்சைக்குக் கிடைக்கும் கால அவகாசம் குட்டையானதில் கிடைக்காது. 3 மில்லிமீட்டர் எலும்பு போனபின் நீண்டதைக் காப்பாற்றலாம். குட்டையானதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தோற்ற குட்டை இம்ப்ளான்ட்டைக் கழற்றுவது எளிது. அது விட்டுச்செல்லும் குழியும் சிறிது. அதன்பின் எலும்பு ஒட்டு வழியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

யாருக்கு அபாயம் கூடுதல்?

மேற்கண்ட ஆய்வுகள் பலவற்றிலும் அதிகம் புகைப்பவர்கள், கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர்கள், உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் ஆகியோர் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டனர். பல ஆய்வுகளுக்கு இம்ப்ளான்ட் தயாரிப்பு நிறுவனங்களின் நிதியுதவி இருந்ததும், பெரும்பாலானவை தேர்ந்த மையங்களில் நடந்ததும் கருத்தில் கொள்ளத்தக்கவை. அங்கே பெற்ற 96 சதவீதம், தெருமுனை மருத்துவமனையில் அப்படியே கிடைக்கும் என்று கொள்வதற்கில்லை.

இந்தியச் சூழலில் இது சிறு விஷயம் அன்று. 2016-17-ஆம் ஆண்டின் உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் வயதுவந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். புகைப்பவர்களிடம் இம்ப்ளான்ட் தோல்வி ஏறத்தாழ இரு மடங்கு என்பது தொகுப்பாய்வுகளில் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டுள்ளது. பாக்கு மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் திறப்பு குறைந்தவர்களிடம், கடைவாய்ப் பகுதிக்குள் துளைக்கும் கருவியைச் சரியான கோணத்தில் நுழைப்பதே கடினம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்து, 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இம்ப்ளான்ட் தடையில்லை. எச்பிஏ1சி அளவு 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் பல மருத்துவர்கள் அறுவையை ஒத்திவைப்பர். எலும்புத் தேய்மானத்துக்காக அலென்ட்ரோனேட், ஜோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்ற மருந்துகளைப் பெறுவோர் அதனைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். தாடை எலும்பு அழுகும் அபாயம் அரிதாயினும் கடுமையானது. இத்தகையவர்களிடம் பெரிய எலும்பு ஒட்டு அறுவையைத் தவிர்ப்பதற்காகவே குட்டை இம்ப்ளான்ட் சில வேளைகளில் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

எலும்பின் தரமும் தீர்மானிக்கும் காரணி. மேல்தாடையின் பின்பகுதி எலும்பு பஞ்சு போன்று மென்மையானது. அங்கே பொருத்தும் வேளையிலேயே இம்ப்ளான்ட் இறுக்கமாக நிற்காவிட்டால், அன்றே கிரவுன் பொருத்தும் விரைவுத் திட்டங்களுக்கு இடமில்லை.

பொருத்தும் முறையில் கவனம்

எலும்பின் உயரத்தை அளக்க, முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்-ரேயை மட்டும் நம்புவது குட்டை இம்ப்ளான்ட்டில் ஆபத்தானது. அந்தப் படம் உருவத்தை 10 முதல் 30 சதவீதம் வரை பெரிதாக்கிக் காட்டக்கூடும். 8 மில்லிமீட்டரில் அந்தப் பிழை 2 மில்லிமீட்டரைத் தொட்டுவிடும். நரம்புக்கு விட வேண்டிய இடைவெளியும் அதுவே. முப்பரிமாணத்தில் அளவு காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் இத்தகைய நோயாளிகளுக்கு அவசியம்.

அடுத்தடுத்து இரண்டு, மூன்று பற்கள் இல்லாத இடத்தில் குட்டை இம்ப்ளான்ட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துக் கிரவுன் அமைக்கும்போது சுமை பகிரப்படுகிறது. இணைத்தால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்வது சற்றுக் கடினம். அதற்கான தூரிகையைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆதரவின்றி வெளியே நீளும் செயற்கைப் பல்லைக் குட்டை இம்ப்ளான்ட்டில் தொங்கவிடுவதைத் தவிர்ப்பதே முறை. பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இரவில் அணியும் காப்பு உறையும் பரிந்துரைக்கப்படுகிறது.

எல்லாப் பற்களையும் இழந்தவர்களுக்கு இந்த இரு வழிகளைத் தவிர, முன்பகுதி எலும்பில் சாய்வாகப் பொருத்தும் நீண்ட இம்ப்ளான்ட்டுகளும், கன்னத்து எலும்பில் ஊன்றும் சைகோமாட்டிக் இம்ப்ளான்ட்டுகளும் உள்ளன. அவை தனிப் பயிற்சி தேவைப்படும் அறுவைகள்.

நோயாளி கேட்க வேண்டியவை

இந்தியாவில் பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள், விபத்தால் நேர்ந்தவை நீங்கலாக, பல் இம்ப்ளான்ட்டுக்கான செலவை ஏற்பதில்லை. கைப்பணத்தில் செய்துகொள்ளும் சிகிச்சை என்பதால், குறைந்த செலவுள்ள வழியை நோக்கிய ஈர்ப்பு இயல்பாகவே வலுவானது. அந்த ஈர்ப்பு நோயாளியிடம் மட்டுமன்றி, எலும்பு ஒட்டு அறுவையில் பயிற்சி இல்லாத மருத்துவரிடமும் இருக்கலாம். எதிர்த்திசையிலும் அப்படியே: சைனஸ் லிஃப்ட்டில் தேர்ந்தவருக்கு எல்லாத் தாடையும் அதற்குரியதாகத் தோன்றலாம். ஆகவே, ஒருவர் ஒரே வழியை மட்டும் கூறினால், ஸ்கேன் பதிவை எடுத்துக்கொண்டு மற்றொரு வல்லுநரிடம் கருத்துக் கேட்பது வீண்செலவு ஆகாது.

எலும்பின் உயரம், அகலம் எத்தனை மில்லிமீட்டர், பொருத்தப்போகும் இம்ப்ளான்ட்டின் நீளமும் விட்டமும் என்ன, அதே அளவுக்கு எத்தனை ஆண்டுச் சான்று உள்ளது, தோற்றுப்போனால் அடுத்த வழி என்ன, அதன் செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் பெறுவது நலம். மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இன் கீழும், எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்ட 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின் கீழும் பல் இம்ப்ளான்ட்டுகள் அடங்கும். தயாரிப்பாளர் பெயர், மாதிரி, தொகுப்பு எண் ஆகியவை அச்சிடப்பட்ட ஒட்டுச்சீட்டு ஒவ்வொரு இம்ப்ளான்ட்டின் உறையிலும் வரும். அதன் ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டால், பத்தாண்டு கழித்து வேறொரு ஊரில் கிரவுனின் திருகு தளர்ந்தாலும், எந்தக் கருவி, எந்த உதிரிப்பாகம் என்று அங்குள்ள மருத்துவரால் கண்டறிய முடியும்.

பொருத்திய பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈறு பரிசோதனையும், முதல் ஆண்டின் முடிவில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எக்ஸ்-ரேயும் குட்டை இம்ப்ளான்ட் உள்ளவர்களுக்குத் தவிர்க்கக் கூடாதவை. அந்த முதலாண்டுப் படம் கோப்பில் இருந்தால்தான், பின்னாளில் எலும்பு இறங்கியதா, அது எப்போதும் அங்கேதான் இருந்ததா என்பதை மருத்துவரால் வேறுபடுத்த இயலும்.